வெட்டுவதற்கென்று செய்யாத துணி: அடிரே உடைகளின் புகழும் நெருக்கடியும்

நைஜீரியாவின் அடிரே துணியில் தைத்த உடைகளைப் பற்றி இரண்டு விதமான செய்திகள் மாறி மாறி வருகின்றன. லேகோஸைச் சேர்ந்த வடிவமைப்பாளர் ஒருவர் பன்னாட்டுப் பரிசு வாங்கினார், இன்ன பிரபலம் அடிரே உடுத்தினார் என்பது ஒரு வகை. அபியோகுட்டா நகரின் இட்டோக்கு சந்தையில் சீனத்து அச்சுத் துணி குவிகிறது, கையால் சாயமேற்றும் பெண்களுக்கு வேலை குறைகிறது என்பது இன்னொரு வகை. உலகமே மெச்சும் துணியைச் செய்கிறவர்கள் எதற்காகத் தவிக்க வேண்டும் என்ற கேள்வி எழுவது நியாயம்தான்.

இரண்டு செய்திக்கும் வேர் ஒன்றுதான். அடிரே, உடம்பில் சுற்றிக் கட்டுவதற்காக உருவான துணி. கடந்த அறுபது ஆண்டுகளில் அது கத்தரிக்கும் தையல் இயந்திரத்துக்கும் வந்து சேர்ந்தது. அந்த மாற்றம் துணியின் செய்முறையையே திருத்தியது. திருத்திய துணியைப் போலி செய்வது எளிதாயிற்று. புகழும் நெருக்கடியும் இந்த ஒரே வழியில்தான் வந்தன.

எது அடிரே, எது இல்லை

தென்மேற்கு நைஜீரியாவில் வாழும் யொருபா மக்களின் தடுப்புச் சாயத் துணிக்கு அடிரே என்று பெயர். 'கட்டிச் சாயமேற்றியது' என்பது பொருள். சாயம் ஏறக் கூடாத இடங்களைக் கட்டியோ தைத்தோ பசை பூசியோ அடைத்துவிட்டு, மீதி இடத்தில் நீலம் ஏற்றுவதுதான் அடிப்படை. அபியோகுட்டா, இபாதான், ஒஷோக்போ ஆகியவை இதற்குப் பேர்போன ஊர்கள்.

பலரும் இதை 'அங்காரா' எனப்படும் வண்ண மெழுகு அச்சுத் துணியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆப்பிரிக்க உடை என்றதும் நம் கண்முன் வருகிற அந்தப் பளிச்சென்ற துணி ஆலையில் அச்சடித்தது. ஜாவாவின் மெழுகுச் சாயத் துணியான பாத்திக்கைப் பார்த்து ஐரோப்பிய ஆலைகள் செய்த நகல், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மேற்கு ஆப்பிரிக்கச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. நெதர்லாந்தின் ஹெல்மண்டில் 1846இல் தொடங்கிய விலிஸ்கோ நிறுவனம் இன்றும் அதை விற்கிறது. யொருபாக்களின் இன்னொரு பெருமையான அஷோ ஓக்கே, குறுகிய பட்டைகளாகத் தறியில் நெய்து, பிறகு இணைத்துத் தைப்பது. அதில் அழகு நூலிலேயே பிறக்கிறது. அடிரேயில் துணி வெள்ளையாக வந்து, அழகு சாயப் பானையில் பிறக்கிறது.

அந்த வெள்ளைத் துணி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில் உள்ளூரில் கையால் நெய்த முரட்டுப் பருத்தி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ஆலைகளின் மெல்லிய வெள்ளைத் துணி தாராளமாகக் கிடைத்தபோதுதான் நுணுக்கமான கோடும் புள்ளியும் கைகூடின. ஆகவே இறக்குமதித் துணி என்பதாலேயே அடிரே கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. இறக்குமதித் துணிதான் அதன் பொற்காலத்தை உண்டாக்கியது. நைஜர் டெல்டாவின் கலபாரி மக்கள் இதே போன்ற இன்னொரு வேலை செய்தார்கள். நம் மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணியை வாங்கி, குறிப்பிட்ட இழைகளை மட்டும் கத்தியால் அறுத்து உருவிப் புது உருவம் எழுப்பினார்கள். வந்த துணி வெளிநாட்டுடையது. உருவான துணி அவர்களுடையது.

நீலம் பிடிக்கும் விதம்

உடையின் விலை, சாயம் போவது, போலி ஆகியவற்றைப் பற்றிய கேள்விகள் எல்லாம் கடைசியில் நீலத்தின் வேதியியலில் வந்து முட்டுகின்றன. அதனால் இதில் கொஞ்சம் நிதானிக்கலாம்.

யொருபாக்கள் பயன்படுத்தியது எலு என்னும் கொடியின் இளந்தளிர். நம் அவுரியும் அதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த வேறு வேறு செடிகள். தரும் நீலச் சாயம் (இண்டிகோ) ஒன்றுதான். தளிரை உரலில் இடித்து, உருண்டை பிடித்து, காயவைத்துச் சந்தையில் விற்பார்கள். சாயக்காரப் பெண் விறகுச் சாம்பலில் தண்ணீரை வடித்துக் காரநீர் எடுத்து, மண்பானையில் அந்த உருண்டைகளோடு சேர்த்துச் சில நாள் புளிக்க விடுவாள்.

புளிக்க வேண்டிய காரணம் இது. நீலம் தண்ணீரில் கரையாத பொருள். காரத்தன்மை உள்ள, ஆக்சிஜன் இல்லாத நீரில் அதை வேதியியல் ஒடுக்கத்துக்கு (ரிடக்ஷன்) உள்ளாக்கினால்தான் மஞ்சளும் பச்சையும் கலந்த வேறொரு வடிவத்துக்கு மாறிக் கரையும். பானையிலுள்ள நுண்ணுயிர்கள் இந்த வேலையைச் செய்கின்றன. கரைசலில் முக்கிய துணி வெளியே வரும்போது பச்சையாக இருக்கும்; காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். மறுபடி முக்கி மறுபடி காற்றில் விரித்தால் நீலம் இன்னும் அடர்த்தியாகும். கறுப்புக்குப் பக்கத்தில் போகிற அந்த நீலத்துக்குப் பல முக்கல்கள் வேண்டும்.

இதிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன.

1. நீலம் நூலோடு வேதியியல் பிணைப்புக் கொள்வதில்லை. நூலின் மேல் அடுக்கடுக்காகப் படிந்து தங்குகிறது. ஆகவே நல்ல சாயத்துணிகூட உராய்ந்தால் கொஞ்சம் விடும்.

2. சாயம் குளிர்ந்த நீரில் ஏறுகிறது. கொதிக்கவைக்க வேண்டியதில்லை என்பதால் பசையோ மெழுகோ உருகாமல் தாக்குப்பிடிக்கிறது. தடுப்புச் சாயக் கலை உலகில் பல இடங்களில் நீலத்தோடு கைகோத்தே வளர்ந்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

3. பானைக்குப் பானை, நாளுக்கு நாள் நீலம் மாறும். புளிப்பு, சாம்பல், வெப்பம், பானையின் வயது எல்லாமே அதைத் தீர்மானிக்கின்றன. முழுத் துணியைச் சுற்றிக் கட்டுபவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. முன்பக்கம் ஒரு துண்டிலும் கை இன்னொரு துண்டிலும் வெட்டுகிற தையல்காரருக்கோ இதுதான் முதல் தலைவலி.

தடுக்கும் முறைகள்

பழைய வகைப்பாடு, தடுப்பது எதைக் கொண்டு என்பதை வைத்து அமைந்தது.

1. ஒனிக்கோ: துணியைக் கிள்ளி, ராஃபியா பனை நாரால் இறுக்கிக் கட்டுவது. உள்ளே கூழாங்கல்லோ விதையோ வைத்துக் கட்டினால் வட்டங்கள் வரும். மதுரைச் சுங்குடியின் முடிச்சுத் தத்துவமும் இதுவே. பெரிய வட்டத்தைச் சுற்றிச் சிறு வட்டங்கள் நிறைந்த ஒஷுபம்பா, நிலவும் விண்மீன்களுமாகப் பார்க்கப்படும் புகழ்பெற்ற கோல அமைப்பு.

2. அலாபேரே: துணியை மடித்து ஊசியால் நெருக்கித் தைத்து நூலை இழுத்துச் சுருக்குவது. சாயம் காய்ந்தபின் தையலைப் பிரித்தால் மெல்லிய வெள்ளைக் கோடுகள் எழும். தையல் இயந்திரம் வந்தபின் ஆண்களும் இயந்திரத்தில் இதைத் தைத்தார்கள்.

3. எலேக்கோ: மரவள்ளி மாவில் படிகாரமும் மயில்துத்தமும் சேர்த்துக் கிண்டிய பசையைத் துணியின் ஒரு பக்கத்தில் பூசுவது. இபாதான் பெண்கள் கோழியிறகால் கையாலேயே வரைந்தார்கள். அபியோகுட்டாவில் துத்தநாகத் தகட்டில் ஆண்கள் வெட்டிய ஸ்டென்சில் வழியாகப் பசை இழுக்கும் முறை வளர்ந்தது. தேயிலைப் பெட்டிகளின் உள்தகடும் இதற்குப் பயன்பட்டது.

4. கம்பாலா: மெழுகால் தடுப்பது. உகாண்டாவின் தலைநகர்ப் பெயரைச் சுமந்துகொண்டு 1960களின் இறுதியை ஒட்டிப் பரவியது. உருக்கிய மெழுகை நுரைப்பஞ்சு அச்சிலோ மரஅச்சிலோ தொட்டு ஒற்றினால் நிமிடங்களில் வேலை முடியும். செயற்கைச் சாயங்களோடு இது சேர்ந்துகொண்டபோது நீலத்தின் ஏகபோகம் போய், சிவப்பும் பச்சையும் ஊதாவும் வந்தன.

இன்று கடைகளில் அடிரே உடை என்று விற்பதில் பெரும்பகுதி நான்காவது வகை. கலைக்கூடங்களும் ஏலங்களும் கொண்டாடுவது மூன்றாவது வகையை. செய்திகளில் வரும் படங்கள் இரண்டையும் கலந்து காட்டுவதால்தான் அடிரே என்றால் என்ன நிறம் என்பதிலேயே ஆளுக்கொரு எண்ணம் இருக்கிறது.

முழுத் துணியாக இருந்தபோது

யொருபாப் பெண்களின் பாரம்பரிய உடை நான்கு துண்டு: இடுப்பில் சுற்றும் இரோ, தளர்வான புபா மேல்சட்டை, தலையில் கட்டும் கேலே, தோளில் இடும் இப்பேலே. இதில் அடிரே முதன்மையாக இரோவுக்கான துணி. ஏறக்குறைய இரண்டரை கஜம் நீளமுள்ள இரு துண்டுகளைப் பக்கவாட்டில் இணைத்துத் தைத்தால் ஓர் இரோ.

எலேக்கோவின் அமைப்பு இந்த அளவைக் கணக்கில் கொண்டது. துணி முழுவதும் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் உருவம் இருக்கும். பறவை, பல்லி, இலை, சீப்பு, குடை என்று எதுவும் வரலாம். கட்டங்கள் சேர்ந்த மொத்தத்துக்குத்தான் பெயர். கடலின் தெய்வமான ஒலோக்குன் பெயரில் ஒரு அமைப்பு உண்டு. 'இபாதான் இனியது' என்று பொருள்படும் இபாதான்துன்னில், 1929இல் கட்டி முடிக்கப்பட்ட மாப்போ மண்டபத்தின் தூண்களும் இடையிடையே கரண்டிகளும் நிற்கும். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1935ஆம் ஆண்டு வெள்ளிவிழாவை ஒட்டி, மன்னர், அரசி உருவங்களோடு ஸ்டென்சிலில் வந்த துணி ஒலோபா. ஆட்சியாளரின் படத்தை எடுத்து இடுப்புத் துணியில் போட்டுக்கொண்டது விசுவாசமா விளையாட்டா என்று இன்றைக்குக் கேட்டால் இரண்டுக்கும் இடமுண்டு என்றே தோன்றுகிறது.

இப்படிப்பட்ட துணியை மார்புச் சுற்றளவுக்கும் கைக்குழிக்கும் ஏற்ப வெட்டினால் மாப்போ மண்டபம் பாதியில் அறுந்துபோகும். கட்டங்களின் வரிசை தையலில் கலைந்துவிடும். அடிரேயை உடையாக்குவதில் இதுவே முதல் சிக்கல்.

1936: அசல் எது என்ற பழைய சண்டை

இன்றைய நெருக்கடியைப் புதிதென்று நினைப்பவர்கள் 1930களின் அபியோகுட்டாவைப் பார்க்க வேண்டும். 1830இல் போருக்குத் தப்பி வந்த, யொருபாக்களில் ஒரு பிரிவான எக்பா மக்கள் நிறுவிய அந்த நகரம் 1920களில் அடிரேயின் தலைமைச் சந்தையாக இருந்தது. செனகல், கோல்டு கோஸ்ட் (இன்றைய கானா) முதலிய நாடுகளிலிருந்தும் வியாபாரிகள் வந்து வாங்கிப் போனார்கள். சாயமேற்றுவது பெண்களின் தொழில். பணமும் அவர்கள் கையிலேயே புழங்கியது.

1897இல் ஜெர்மனியின் வேதிப்பொருள் நிறுவனமான பிஏஎஸ்எஃப் சந்தைக்குக் கொண்டுவந்த செயற்கை நீலம், மெல்ல மெல்ல இந்தப் பானைகளுக்கும் வந்தது. சாம்பல் காரநீருக்குப் பதில் காஸ்டிக் சோடாவும் வந்தது. நாள்கணக்கில் எடுத்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. போட்டி பெருகி விலை விழுந்தது. உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. சாயம் நிற்கவில்லை, துணி நைந்துவிட்டது என்ற புகார்கள் எழுந்தன. எக்பா அரசரான அலாக்கே அதேமோலா செயற்கைச் சாயத்துக்கும் காஸ்டிக் சோடாவுக்கும் தடை விதித்தார். பெண்கள் எதிர்த்தார்கள். 1936இல் விவகாரம் காலனி அரசின் விசாரணை வரை போயிற்று.

அரசருக்குத் தரம் பெரிதாகத் தெரிந்தது. பெண்களுக்கோ நேரமும் முதலீடும் பெரிதாகத் தெரிந்தன. வாங்குகிறவர் கொடுக்கத் தயாராக இருந்த விலைக்குப் பழைய முறையில் செய்து கட்டுப்படியாகாது என்பது சாயக்காரருக்குத்தான் தெரியும். தடையை மட்டும் போட்டுவிட்டு அந்த விலை இடைவெளியை யார் ஏற்பது என்று சொல்லாமல் விட்டது அன்றைய உத்தரவின் ஓட்டை. பத்தாண்டு கழித்து, பெண்ணுரிமைப் போராளி ஃபுன்மிலாயோ ரான்சம்-குட்டி தலைமையில் அதே நகரச் சந்தைப் பெண்கள் வரிக்கு எதிராகத் திரண்டு, 1949இல் அதே அலாக்கேயை அரியணையிலிருந்து விலகவைத்தார்கள். காரணம் அடிரே இல்லை. ஆனால் அந்தத் திரளில் அடிரேக்காரப் பெண்களும் இருந்தார்கள்.

கத்தரி எடுத்தவர்கள்

1960இல் நைஜீரியா விடுதலை பெற்றது. அதே ஆண்டு லண்டனில் படிப்பு முடித்து லேகோஸ் திரும்பிய ஷாதே தாமஸ்-ஃபாம், நாட்டின் முதல் நவீன ஆடை வடிவமைப்பாளராகக் கருதப்படுபவர். அன்றைய படித்த வகுப்பு ஐரோப்பிய உடையைத்தான் நாகரிகமென்று எண்ணியது. அவர் இரோவை ஜிப் வைத்த பாவாடையாக்கினார். கேலேயை முன்கூட்டியே கட்டித் தைத்து, தொப்பி போல எடுத்து அணியச் செய்தார். உள்ளூர்ச் சாயத் துணிகளையும் நெசவுகளையும் அலுவலகத்துக்கும் விருந்துக்கும் அணியும் உடைகளாக்கினார். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2022இல் நடத்திய ஆப்பிரிக்க ஃபேஷன் கண்காட்சியில் அவர் வேலை இடம்பெற்றது.

கைத்திறன் அறுந்துபோகாமல் காத்ததில் நிக்கே டேவிஸ்-ஒகுந்தாயேவுக்குப் பெரும் பங்குண்டு. 1951இல் ஒகிதியில் பிறந்த அவர் ஒஷோக்போவில் 1980களில் பயிற்சி மையம் தொடங்கி, இளைஞர்களுக்குக் கட்டணமின்றிக் கற்றுக்கொடுத்தார். பின்னால் வந்த வடிவமைப்பாளர்களுக்கு இறகு பிடிக்கத் தெரிந்த கைகள் கிடைத்ததற்கு இப்படிப்பட்ட மையங்களே காரணம்.

அமாக்கா ஒசாக்வே 2010இல் தொடங்கிய மாக்கி ஓ என்ற உடை நிறுவனம், அடிரே ஓவியத்தைப் பட்டிலும் மெல்லிய துணிகளிலும் ஏற்றியது. 2013இல் தென்னாப்பிரிக்கப் பயணத்தின்போது மிஷேல் ஒபாமா அதன் மேல்சட்டையை அணிந்தார். அதேஜு தாம்சனின் லேகோஸ் ஸ்பேஸ் புரோகிராம் என்ற உடை நிறுவனம் யொருபா நீலத்தைக் கம்பளிக்கும் ஆண் பெண் பாகுபாடற்ற உடைகளுக்கும் கொண்டுபோய், 2023இல் கம்பளி ஆடை வடிவமைப்புக்கான பன்னாட்டு உல்மார்க் பரிசை வென்றது. பழைய உருவங்களை அப்படியே எடுத்து ஒட்டாமல், தடுத்துச் சாயமேற்றும் தத்துவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு புது உருவம் தேடுவதே இவர்களின் பொதுத்தன்மை.

எனக்கு மிகச் சரியான விடையாகப் படுவது லேகோஸின் டை லேப் என்ற உடை நிறுவனம் எடுத்த வழி. யொருபா ஆண்களின் அகண்ட அங்கியான அக்பாடாவையும் ஜப்பானியக் கிமோனோவையும் ஒட்டிய தளர்வான மேலங்கிகளை அது தைக்கிறது. நீள்சதுரத் துண்டுகள் பெரிதும் நீள்சதுரமாகவே உடையில் இருக்கின்றன. துணி வீணாவதில்லை, அமைப்பு அறுபடுவதில்லை, உடல் அளவு நுணுக்கமாகப் பொருந்த வேண்டியதுமில்லை. துணியின் இயல்போடு மல்லுக்கட்டாமல் உடையின் வடிவத்தை அதற்கு இணங்க வைத்திருக்கிறார்கள்.

உடலோடு ஒட்டும் கவுன் தைக்கிறவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்கள் எதிர்கொள்பவை:

1. வெட்டும் முன்பா, பின்பா? முதலில் சாயமேற்றி வெட்டினால் அமைப்பு அறுபடும். முதலில் வெட்டிய துண்டுகளில் பசை பூசிச் சாயமேற்றினால் உருவத்தை மார்பிலோ விளிம்பிலோ சரியாக அமர்த்தலாம். ஆனால் ஒவ்வொரு துண்டும் தனி வேலையாகி விலை ஏறும். சுருங்குவதைக் கணக்கிட்டுத் துணியை முன்பே நனைத்துக் காயவைக்கவும் வேண்டும்.

2. நிற ஒற்றுமை. ஓர் உடைக்கான துணி முழுவதும் ஒரே பானையில், ஒரே நாளில் ஏறியாக வேண்டும்.

3. உராய்வு. வெளிர்நிற உள்துணி வைத்தால் கறைபடும். இரோ கட்டியவர்கள் இடுப்பில் கொஞ்சம் நீலம் ஒட்டுவதைப் பொருட்படுத்தவில்லை. நியூயார்க் கடைக்காரர் அதைக் குறையாகக் கருதித் திருப்பி அனுப்புவார்.

4. மறுபடி மறுபடி ஒரே மாதிரி. கடைகள் படத்தில் பார்த்த அதே உடையை ஆறு அளவுகளில் கேட்கின்றன. கைவேலையின் இயல்பு இதற்கு நேர் எதிர்.

இந்த நான்கையும் பெருமளவு தீர்த்துவைத்தது கம்பாலா முறைதான். மெழுகு அச்சு ஒரே உருவத்தைத் துணி முழுவதும் தூவுகிறது. எங்கே வெட்டினாலும் நஷ்டமில்லை. செயற்கைச் சாயம், அளந்து கலந்தால், ஏறத்தாழ அதே நிறத்தைத் திரும்பத் தரும். ஐந்து கஜம், பத்து கஜம் என்று ஒரே சீராகக் கிடைக்கும். தையல்காரருக்கு உகந்த துணியாக அடிரே மாறியது இப்படித்தான். ஒரே உருவம் சீராகத் திரும்பத் திரும்ப வரும் துணி, அச்சு இயந்திரத்துக்கும் உகந்த துணி என்பதுதான் இதன் மறுபக்கம்.

அச்சுத் துணி ஏன் ஜெயிக்கிறது

போலி மலிவானது என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, யொருபா விழாக்களின் வழக்கத்திலேயே இருக்கிறது. கல்யாணம், இறுதிச் சடங்கு, பிறந்தநாள் என்றால் உறவினரும் நண்பரும் ஒரே துணியில் உடை தைத்து அணிவது அஷோ எபி எனும் மரபு. ஐம்பது பேர், நூறு பேர், அதற்கு மேலும் போகலாம். எல்லோருக்கும் ஒரே நிறம், ஒரே அமைப்பு, குறித்த தேதிக்குள் வேண்டும். கைச்சாயப் பட்டறை எவ்வளவு ஓடினாலும் நூறு பேருக்குத் துல்லியமாக ஒரே துணியைத் தர முடியாது. அச்சாலைக்கு அது ஒரு சுருள் துணி. உள்ளூர்ச் சந்தையின் மிகப் பெரிய தேவையே கைவேலையால் நிறைவேற்ற முடியாத தேவையாக அமைந்திருக்கிறது.

அரசு சும்மா இருக்கவில்லை. அபியோகுட்டாவைத் தலைநகராகக் கொண்ட ஓகுன் மாநிலம் 2020இல் அடிரேக்கென இணையச் சந்தை தொடங்கியது. உள்ளூர் அடிரே அணியுங்கள் என்ற வேண்டுகோள்களும் போலிகளைத் தடுப்போம் என்ற அறிவிப்புகளும் அவ்வப்போது வருகின்றன. தடுப்பது சட்டப்படி ஏன் கடினம் என்பதைப் புரிந்துகொள்ள இந்தச் சந்தையில் யாருக்கு எது சொந்தம் என்று கேட்க வேண்டும்.

ஒலோக்குன் போன்ற அமைப்புகள் தலைமுறைகளாக எல்லோருடையவை. அவற்றுக்குக் காப்புரிமை கேட்கத் தனியொருவர் இல்லை. வணிகச் சின்னம் ஒரு நிறுவனத்தின் பெயரைக் காக்கும். அடிரே என்ற சொல் யாருடைய பெயரும் அல்ல. மிஞ்சுவது புவிசார் குறியீடு. அதற்கு எது அடிரே என்று வரையறுத்தாக வேண்டும். எலு நீலம் மட்டும்தானா? அப்படியானால் இன்று பட்டறைகளில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் வரையறைக்கு வெளியே நிற்பார்கள். கையால் தடுத்துச் சாயமேற்றிய எதுவும் சரி என்றால் கம்பாலா உள்ளே வரும்; அதன் கூடவே வெளிநாட்டில் கையால் செய்த மெழுகுத் துணியும் வாசலில் நிற்கும். அபியோகுட்டாவில் மட்டும் செய்ததா என்றால் ஒஷோக்போவும் இபாதானும் சண்டைக்கு வரும். 1936இல் அரசர் சாயத்தை வைத்துக் கோடு கிழித்தார்; இப்போது எல்லையை வைத்துக் கோடு கிழிக்கப் பார்க்கிறார்கள். என் பார்வையில், செய்முறையை வைத்துத் தரம் பிரிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்: பசையும் இறகும் ஒரு தரம், நாரும் ஊசியும் ஒரு தரம், மெழுகு ஒரு தரம், ஆலை அச்சு என்றால் ஆலை அச்சு என்றே சீட்டு. இது யாரையும் தொழிலைவிட்டு விரட்டாது. வாங்குகிறவருக்கும் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரியும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

அடிரே உடை என்று விற்பதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை.

1. உள்பக்கத்தைப் பாருங்கள். அச்சுத் துணியின் பின்பக்கம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். கட்டியோ தைத்தோ மெழுகிட்டோ செய்ததில் அமைப்பு இருபுறமும் தெரியும். பசை பூசிய எலேக்கோவில் பின்பக்கம் உருவம் மங்கி, நீலம் மேலோங்கியிருக்கும். எலேக்கோவில் அது குறையல்ல, அடையாளம்.

2. ஒரே உருவத்தின் இரண்டு பிரதிகளை ஒப்பிடுங்கள். கைவேலையில் கோடு தடிக்கும், புள்ளி நகரும், கையால் ஒற்றிய மெழுகு அச்சு ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறியிருக்கும். அச்சுத் துணியில் ஒரு பிசகு இருந்தால் அதே பிசகு அதே தூரத்தில் மறுபடி வரும்.

3. வெள்ளை எவ்வளவு வெள்ளை என்று பாருங்கள். பசைத் தடுப்பில் பின்பக்கமிருந்து சாயம் கசிந்து கோடுகள் இளநீலமாக இருக்கும். பளீர் வெள்ளைக் கோடும் கூர்மையான விளிம்பும் எலேக்கோ என்ற பெயரில் வந்தால் சந்தேகப்படுங்கள்.

4. ஊசித்துளை, மடிப்புத் தடம், மெழுகு விரிசலில் புகுந்த மெல்லிய சாயக் கோடு ஆகியவற்றைத் தேடுங்கள். ஆனால் டிஜிட்டல் அச்சு விரிசலையும் நகலெடுத்துவிடும். ஆகவே இதை மட்டும் நம்பக் கூடாது.

ஈரத் துணியால் தேய்த்துப் பார்க்கும் வழக்கம் அவ்வளவு பயன் தராது. அசல் நீலமும் விடும், மட்டமான அச்சும் விடும்.

பணக் கணக்கு

வெள்ளைப் பருத்தி, சாயம், காஸ்டிக் சோடா, நீலத்தைக் கரைய வைக்கும் ஹைட்ரோசல்ஃபைட் என்று பட்டறைக்கு வேண்டியவற்றில் பெரும்பாலானவை நைஜீரியாவுக்கு வெளியிலிருந்து வருபவை. 2023 ஜூனில் நைஜீரியா தன் நாணயத்தைச் சந்தை விலைக்கு விட்டபோது டாலருக்குச் சுமார் 470 நைராவாக இருந்தது 2024இல் 1,500ஐத் தாண்டியது. இறக்குமதி அச்சுத் துணியும் டாலரில்தான் வருகிறது. ஆனால் அதன் செலவு ஆயிரக்கணக்கான மீட்டருக்குப் பங்கிடப்படுகிறது. கைப்பட்டறையில் ஒவ்வொரு துணியும் தன் சாயத்தையும் தன் உழைப்பு நாளையும் தானே சுமக்க வேண்டும். உள்ளூரில் வாங்குகிறவரின் சம்பளமோ நைராவில்.

டாலரில் விற்கும் வடிவமைப்பாளருக்கு இதே வீழ்ச்சி சாதகம். அவருக்கு உள்ளூர்க் கூலி டாலர் கணக்கில் குறைந்துவிடுகிறது. அதனால் சந்தை இரண்டாகப் பிளக்கிறது: ஏற்றுமதிக்குப் போகும் சில நூறு உடைகளுக்காக இறகும் பசையும், ஊர்க் கல்யாணத்துக்கு அச்சு. நல்ல கைத்திறன் உள்ள ஒரு சிலருக்கு முன்னைவிட அதிக வேலை. மெழுகு அச்சு ஒற்றிக் கஜக்கணக்கில் விற்றுப் பிழைத்த பலருக்கு வேலை குறைவு. அச்சுத் துணியோடு நேருக்கு நேர் மோதுவது இந்த இரண்டாவது கூட்டம்தான். பரிசுகளும் பேட்டிகளும் போய்ச் சேர்வது முதல் கூட்டத்துக்கு.